மீசையில்லாத கதாநாயகன்

குண்டூசியின் உதடுகளின் மேல் முன்பின் தெரியாத ஒரு கிழவியின் விரல்கள் உட்கார்ந்திருந்தன. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அவன் வாயில் கதவு மோதியிருக்கிறது, குடைக்காம்பு பட்டிருக்கிறது, ஒரு முறை முக்கியமான சாட்சி ஒருவரின் செருப்பும் பட்டிருக்கிறது. விரல் பட்டது இதுதான் முதல் தடவை.

"பேசுங்க," என்றாள் கிழவியின் மகள். "அம்மாவுக்குப் பிறந்ததிலேருந்தே காது கேக்காது. எதிராளியோட உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிச்சுடுவாங்க. இப்ப சில வருஷமா கண்ணும் போயிடுச்சு. அதனால விரல்."

"என்னக்கா பேசறது?"

கிழவியின் விரல்கள் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டன. அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மகள் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"'வாய் இவ்வளவு பெரிசா இருக்கு, பேசறதுக்கு ஒண்ணும் இல்லையா'ன்னு கேக்கறாங்க."

குண்டூசி அசடு வழிந்தான். உடம்பு ஊசி, தலை குண்டு; வழிவதற்குத் தலையில் நிறைய இடம் இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவனுடைய முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவரே நம்பவில்லை என்பதால் ஊரார் 'சந்தேகம்' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. மணி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அது கடிகாரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற மனிதர். கல்யாணத்தன்று பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது நீதான்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டதாகவும், அன்றிலிருந்து அவர் தனியாகவே சமைத்துச் சாப்பிடுவதாகவும் ஒரு பேச்சு உண்டு.

"விஷயத்துக்கு வாங்கம்மா," என்றார் சந்தேகம்.

மகள் ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டினாள். அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவள். அம்மாவுக்குக் காதே வேலை செய்யவில்லை. மகளுக்கு வேலையே காதில்தான். நாற்பது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் பேச்சு முழுக்க உதட்டிலேயே நடந்து முடிந்துவிடுவதால், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் பல வருஷமாகச் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி சின்னது. பழைய நாடக நடிகர், ஊமைப்பட நாயகன் 'முரசு' காலமானார். பேசும் படம் வந்தபோது குரல் ஒத்துவராததால் ஒதுங்கியவர். அவ்வளவுதான்.

"இது எங்க அப்பா," என்றாள் மகள். "நான் பார்த்ததில்லை. நான் கைக்குழந்தையா இருக்கறப்ப அவர் போயிட்டாரு. அது பழைய கதை, விடுங்க. ஆனா குரல் ஒத்துவரலைன்னு போட்டிருக்கான் பாருங்க, அது பொய். அவரோட குரலைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

குண்டூசி கேள்விப்பட்டிருந்தான். கேள்விப்படாதவர்கள் யார்? ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குத் தன் குரலை அனுப்பி வைத்தவர் முரசு. மேடையில் அவர் காதலியைப் பார்த்து "சம்மதமா?" என்று கேட்க, அடுத்த தெருவில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஜன்னலைத் திறந்து "சம்மதம்" என்று சொன்னாளாம். அந்த இடத்தில் கொட்டகை கை தட்டியதா, அவள் புருஷன் கை நீட்டினானா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

"அப்படிப்பட்ட குரலை வச்சுக்கிட்டு அவர் போனது ஊமைப்படத்துக்கு," என்றான் குண்டூசி. "மீனைப் பிடிச்சு மரத்துல ஏத்தின மாதிரி. சரி, பேசற படம் வந்ததும் மீன் தண்ணிக்கு வந்துடுச்சே? அப்ப ஏன் ஓடணும்?"

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். ஆனா எனக்காக இல்லை." மகள் குரலைத் தணித்தாள். அந்த அறையில் குரலைத் தணிக்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் தணித்தாள். "செத்துட்டாருன்னு தெரிஞ்சதிலேருந்து அம்மா சரியாச் சாப்பிடறதில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. 'ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போற அளவுக்குக்கூட நான் அவருக்கு ஆளா இல்லையா?' இதுக்கு ஒரு பதில் வேணும் சார். எதுவா இருந்தாலும் பரவாயில்லை, நிஜமா இருக்கணும்."

சந்தேகம் எழுந்துபோய்க் கிழவியின் முன்னால் உட்கார்ந்தார். அவளுடைய விரல்களை எடுத்துத் தன் உதட்டில் தானே வைத்துக்கொண்டார். "அவர் போன அன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்றார்.

கிழவியின் உதடுகள் ஓட ஆரம்பித்தன. மகள் பின்னாலேயே ஓடினாள்.

"நாடகம் முடிஞ்ச கையோட, கொட்டகைக்குப் பின்னாடி குதிரை வண்டி நின்னுச்சு. சினிமாக்காரன் ஒருத்தன் உள்ள உக்காந்திருந்தான். நாடக முதலாளிக்குத் தெரிஞ்சா விடமாட்டான்னு திருட்டுத்தனமாப் போறாங்கன்னு புரிஞ்சுது. நான் துணிமூட்டைப் பக்கத்துல நின்னேன், இடுப்புல குழந்தை. வண்டி விளக்கு அவர் முகத்துல நல்லா அடிச்சுது. என்னையே பார்த்தாரு. வண்டி கிளம்பற வரைக்கும் என்னையே பார்த்தாரு. வாய் அசையவே இல்லை."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"என் பிழைப்பே அதுதானே?" கிழவியின் முகத்தில் ஒரு பழைய கர்வம் வந்து போனது. மகள் விளக்கினாள். அம்மா அந்த நாடகக் கம்பெனியில் துணி தைத்தவள். முரசுக்குக் குரல் பெரிது, ஞாபகம் சிறிது. வசனம் எடுத்துக் கொடுக்கிற ஆள் மறைவிலிருந்து முணுமுணுத்தால் முன்வரிசைக்குக் கேட்டு மானம் போகும். அதனால் பக்கத்துத் திரை மறைவில் தையல்காரி உட்கார்ந்துகொள்வாள். எல்லா நாடகத்தின் எல்லா வசனமும் அவளுக்கு மனப்பாடம். முரசு தடுமாறும் இடத்தில் அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். அவர் அதைப் பார்த்து முழங்குவார். ஒரு பிசிறு சத்தம் வெளியே வராது. அப்படியே பழகி, மேடையில் ராஜா தர்பார் நடக்கும்போதே திரை மறைவில் இருக்கிறவளிடம் சத்தமில்லாமல் வீட்டு விஷயம் கேட்கிற அளவுக்கு வந்து, கல்யாணத்தில் முடிந்தது.

"அப்புறம் அவர் திரும்பி வந்தாரா?" என்று கேட்டார் சந்தேகம்.

கிழவி அவர் உதட்டிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான்," என்றாள் மகள். "கண்ணு தெரிஞ்ச காலத்துல, பிடிக்காத பேச்சு வந்தா கண்ணை இறுக்கி மூடிப்பாங்க. இப்ப கையை எடுத்துடறாங்க. இனிமே நீங்க இடியா இடிச்சாலும் உள்ள போகாது. அப்பா நடிச்ச படம் ஒண்ணுகூட அவங்க பார்த்ததில்லை. கொட்டகை இருக்கற தெருப்பக்கமே போக மாட்டாங்க. கடிதாசி வந்தா பிரிக்காம அடுப்புல. எனக்கு விவரம் தெரியறதுக்குள்ள ஊமைப்படமெல்லாம் அழிஞ்சே போச்சு."

வாசலில் செருப்பை மாட்டும்போது குண்டூசிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஏன்க்கா, டெலிபோன்ல ரெண்டு பேர் பேசிட்டிருக்கறப்ப லைன் அறுந்துட்டா நீங்க என்ன செய்வீங்க? எனக்கு எப்பவும் என் மாமனார்கிட்ட பேசறப்பதான் அறுந்துபோகுது. கை தட்டணும்னு தோணும்."

"அறுந்துபோச்சுன்னு சொல்லக் கூடாது," என்றாள் அவள். "சொன்னா இந்தப் பக்கம் காத்திட்டிருக்கறவங்க வச்சுட்டுப் போயிடுவாங்க. லைன் திரும்ப வர்ற வரைக்கும் நாமதான் எதையாவது பேசிப் பிடிச்சு வச்சுக்கணும்."

*

ஒப்பனைக்காரரின் கடையில் சுவர் தெரியவில்லை. சுவர் முழுக்க முடி. ஆணிக்கு ஆணி தாடியும் மீசையும் சடையும் தொங்கின. நாடகக் கம்பெனி நாளிலிருந்து சினிமா வரை முரசுக்கு வேஷம் போட்டவர் இவர்தான். தலையில் மட்டும் ஒரு முடிகூட இல்லாமல், நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

"சொந்த உபயோகத்துக்கு ஒண்ணு எடுத்துக்கக் கூடாதாய்யா?" என்றான் குண்டூசி.

"சாராயம் விக்கறவன் எல்லாரும் குடிக்கறானா தம்பி? அந்தச் சடையைத் தொடாதே, அது மகாராணி."

குண்டூசி மகாராணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தான். சந்தேகம் அதற்குள் எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பழைய ஊமைப்பட விளம்பரங்களை ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். வாள் தூக்கிய நாயகன், குதிரை மேல் நாயகன், நாயகியைத் தூக்கிய நாயகன். நாயகியைத் தூக்காதபோது மீசையைத் தூக்கிய நாயகன்.

"இந்தக் காலத்துல மீசை இல்லாத நாயகனே கிடையாது போல," என்றார்.

"மீசை இல்லாம நடிச்சா டிக்கெட்டைத் திருப்பிக் குடுப்பானுங்க. வில்லனுக்கும் மீசை, நாயகனுக்கும் மீசை. எது எதுன்னு தெரியறதுக்கு வில்லனோடது கீழ்ப்பக்கம் தொங்கும்."

"முரசுக்கு முதல் படத்துல மீசை இருக்கு. ரெண்டாவதுலேருந்து கடைசி வரைக்கும் இல்லை. மழமழன்னு இருக்காரு. ஏன்?"

ஒப்பனைக்காரரின் முகத்தில் பளபளப்புப் போய்விட்டது. "அதைக் கேக்காதீங்க. அது எனக்கு நேர்ந்த அவமானம்."

கேட்காமல் விடுகிறவரா சந்தேகம்? ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் அவமானம் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"என் பசை, சார். நானே காய்ச்சற பசை. ஒட்டினா யானை இழுத்தாலும் வராது. முரசு அண்ணன் நாடகத்தை விட்டுப் போன அன்னைக்குத் துறவி வேஷம். நெஞ்சு வரைக்கும் தாடி, வாயை மூடற மாதிரி மீசை. கலைக்க நேரமில்லாம அப்படியே வண்டியில ஏறிட்டாரு. பட்டணம் போய்ச் சேர்ற வரைக்கும் தாடி பிரியலை. படக் கம்பெனி வாசல்ல காவல்காரன் நிஜ சாமியார்னு நினைச்சு, தன் பிள்ளைக்கு வேலை கிடைக்குமான்னு கையை நீட்டி ஜோசியம் கேட்டான்னா பாருங்க. அண்ணனும் கிடைக்கும்னுட்டாரு. கிடைச்சுது!"

குண்டூசி சிரித்தான். சந்தேகம் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி அசையாமல் நின்றுவிட்டார்.

"முதல் படம் முடிஞ்சதும் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரலாம்னு போனோம். நானும் கூடப் போனேன். வாசல்ல நின்னு அண்ணன் பேசறாரு. அந்தம்மா கண்ணை இறுக்கி மூடிட்டாங்க. திறக்கவே இல்லை. அவங்க தனியா இருக்கறப்ப நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன், அதுக்கும் கண்ணை மூடிட்டாங்க. கண்ணை மூடினவங்ககிட்ட எப்படிப் பேசறது சார்? படப்பிடிப்புக்கு நேரமாச்சுன்னு ஆள் வந்து இழுத்துட்டுப் போனாங்க. வழியில அண்ணன் திடீர்னு என் கையைப் பிடிச்சு, 'அன்னைக்கு வண்டியில ஏறினப்ப எனக்குத் தாடி இருந்துச்சாடா?'ன்னு கேட்டாரு. ஆமாண்ணேன்னேன். ஓன்னு அழுதாரு. அந்தக் குரல்ல அழுதா எப்படி இருக்கும்? குதிரை மிரண்டு வண்டி சாக்கடையில இறங்கிடுச்சு. பசை எரிச்சல் இன்னும் போகலை போலன்னு நினைச்சேன். அன்னைக்கு விட்டாரு மீசையை. அப்புறம் என் பசையை அவர் முகத்துல தொடவிடவே இல்லை. டைரக்டர்கிட்ட சண்டை, முதலாளிகிட்ட சண்டை. மீசை வச்சா நடிக்க மாட்டேன்னுட்டாரு. என் பசை அப்படி என்ன சார் செஞ்சுது?"

சந்தேகம் சுவரிலிருந்து ஒரு தாடியை எடுத்தார். நெஞ்சு வரை தொங்குகிற துறவித் தாடி, கூடவே அடர்ந்த மீசை. அதைக் குண்டூசியின் முகத்தில் வைத்து, நாடாவைப் பின்னால் முடிந்தார்.

"இப்ப சத்தம் வராம, உதட்டை மட்டும் அசைச்சு என்கிட்ட ஏதாவது சொல்லு."

குண்டூசி சொன்னான். நெடுநேரம் சொன்னான்.

"என்ன சொன்னே?"

"உங்களைத் திட்டினேன் சார்."

"நல்லாவா?"

"மனசு நிறைய. ரொம்ப நாளா இருந்தது."

"எனக்கு ஒண்ணுமே தெரியலை," என்றார் சந்தேகம். "நீ மூச்சு விடறதுதான் தெரிஞ்சுது."

குண்டூசி மெதுவாகத் தாடியைக் கழற்றினான். ஒப்பனைக்காரர் அந்தத் தாடியையே பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது.

"நாடக முதலாளி காதுல விழக் கூடாதுன்னு, வழக்கம் போல உதட்டாலயே சொல்லியிருக்காரு," என்றார் சந்தேகம். "மேடையில தாடி இருந்தா அந்தம்மாவுக்குக் கவலையில்லை, அவர் பேசப்போறது அவங்களுக்கு மனப்பாடம். அன்னைக்கு அவர் பேசினது நாடகத்துல இல்லாத வசனம்."

"சார், அப்ப நான் காய்ச்சின பசை..."

"பசை மேல தப்பில்லைய்யா. நல்ல பசை."

அது ஆறுதலா என்று ஒப்பனைக்காரருக்குத் தெரியவில்லை. மேல்துண்டால் தலையைத் துடைத்தார்; துடைக்க வேண்டியது கண்ணை.

"மீசையை எடுத்த பிறகு அவர் நடிப்புல வேற ஏதாவது மாறிச்சா?" சந்தேகத்தின் குரல் அவசரப்பட்டது.

"ஒரு கெட்ட பழக்கம் வந்துச்சு. ஒவ்வொரு படத்துலயும் ஏதாவது ஒரு சீன்ல, நாயகியை விட்டுட்டுத் திரும்பி நேரா கேமராவைப் பார்த்துப் பேசுவாரு. சத்தமே இல்லாத படத்துல பக்கம் பக்கமாப் பேசுவாரு. டைரக்டர் தலையில அடிச்சுப்பாரு. ஒரு தடவை நான் கேட்டேன். 'வீட்டு வாசல்ல கண்ணை மூடிக்கலாம்டா, படம் பாக்க வந்தவங்க கண்ணைத் திறந்துதானே ஆகணும்'னாரு. எனக்கு அப்ப விளங்கலை."

"பேசற படம் வந்தப்ப?"

"முதல் நாள், ஒலிவாங்கி முன்னாடி நிக்க வச்சாங்க. அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: 'வசனம் ஒண்ணு, நான் வாயசைக்கறது வேற ஒண்ணா இருந்தா?' ஒலிப்பதிவுக்காரன் சிரிச்சான். 'வாய்ல வர்றதுதான் காதுல வரணும், இனிமே உங்க வாய் எங்களோடது'ன்னான். அண்ணன் கிரீடத்தைக் கழட்டி நாற்காலியில வச்சாரு. செருப்பை மாட்டினாரு. அவ்வளவுதான். கடைசி வரைக்கும் எங்கேயோ ஒரு ரயில் நிலையத்துல, வண்டி வருதுன்னு கூவற வேலை பார்த்தாராம். அவர் கூவினா அடுத்த ஸ்டேஷன்ல ஜனங்க மூட்டையைத் தூக்கிடுவாங்கன்னு சொல்லிக் கேள்வி."

*

முரசு நடித்த படங்களில் உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுருள். அது பழைய கொட்டகையின் ஆபரேட்டரிடம், தகர டப்பாவில் தூங்கியது. அவர் அதைத் தட்டி எழுப்பவே பயந்தார்.

"காய்ஞ்ச சருகு மாதிரி ஆயிடுச்சு சார். ஒரு தடவை ஓடும். அதுவும் பாதியில தீப்பிடிக்காம இருந்தா. ரெண்டாவது தடவைக்கு உத்தரவாதம் இல்லை."

"அப்படின்னா முதல்ல நாம பார்த்துட்டு அப்புறம் அவங்களைக் கூட்டிட்டு வர்ற வேலை நடக்காது," என்றான் குண்டூசி. "சார், ஒருவேளை நீங்க நினைக்கறது தப்பா இருந்து, அவர் கேமராவைப் பார்த்து அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டைப் பத்திப் பேசியிருந்தா? அந்தப் பெரியம்மாவுக்கு ரெண்டாவது தடவையா உயிர் போகும்."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் சந்தேகப்பட்டவர், முதல் தடவையாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார். வியர்த்தது.

"கூட்டிட்டு வா," என்றார்.

காலைக் காட்சி இல்லாத நாள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அம்மாவும் மகளும் மட்டும் உட்கார்ந்தார்கள். கிழவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது வரிசையாகப் பிணைத்த நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. எழுந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துத் தன் உதட்டில் வைத்து, "ஒரே ஒரு தடவைம்மா. எனக்காக," என்றாள். கிழவி வெகுநேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கையை எடுக்கவில்லை.

குண்டூசி பக்கவாட்டில், அவர்கள் இருவரின் முகமும் தெரிகிற இடத்தில் நின்றான். சந்தேகம் சுவரோடு சுவராக நின்றார்.

விளக்கு அணைந்தது. திரையில் மழை பெய்வது போல் கோடுகள் விழுந்தன. கோடுகளுக்குள்ளிருந்து ஒரு தளபதி வந்தார். கம்பீரமான உடம்பு, மழமழவென்ற முகம்.

மகள் தன் அப்பாவை முதல் முதலாகப் பார்த்தாள். அவரைவிட அவளுக்கு வயது அதிகமாகிவிட்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிழவியின் விரல்கள் அதைக் கேட்டன. என்ன என்பது போல் ஒரு தட்டுத் தட்டின.

மகள் அப்பாவின் உதட்டைப் பார்த்து அப்படியே தன் உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். குண்டூசிக்குக் கேட்கட்டும் என்று குரலையும் சேர்த்துக்கொண்டாள்.

திரையில் எழுத்து வந்தது: 'மன்னா, எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்துவிட்டனர்!'

"யோவ், பின்னாடி இடுப்புப்பட்டை அவுந்துபோச்சு, இழுத்துக் கட்டு," என்றாள் மகள், அப்பாவின் உதடு அசைந்தபடி.

எழுத்து: 'அன்பே, தங்களைப் பிரிந்து எப்படி வாழ்வேன்?'

"காலை மிதிக்காதேய்யா, புதுச் செருப்பு," என்றாள் மகள், நாயகியின் உதடு அசைந்தபடி.

கிழவியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள். இத்தனை வருஷமாகக் கால் வைக்காத கொட்டகைக்குள் வந்து, சிரிக்கிறாள். குண்டூசியும் சிரிக்கப் பார்த்தான். ஆனால் படம் முழுக்க இப்படியே போய்விட்டால்? சுவரோரம் திரும்பிப் பார்த்தான். சந்தேகத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

காட்சி மாறியது. தளபதி போருக்குப் போகிறார். நாயகி அவர் கையைப் பிடித்து அழுகிறாள். அவர் அவளை விட்டுவிட்டுத் திரும்பினார். கொட்டகையில் இருந்த ஒவ்வொருவரையும் தாண்டி, நேராக, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் ஒரே ஒரு நாற்காலியைத் தேடுகிறவர் போலப் பார்த்தார். உதட்டை நன்றாகத் திறந்து, மெதுவாக, பிரித்துப் பிரித்துப் பேச ஆரம்பித்தார்.

மகளின் குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. இரண்டு மூன்று வார்த்தை போனதும், சுவரோரம் நிற்கிறவர்களின் ஞாபகம் வந்து, மூச்சிலேயே சொன்னாள்.

"தாடி இருந்துச்சு... தாடி இருக்கறதை நான் மறந்துட்டேன்... நான் சொன்னேன். வண்டியில உக்காந்து உன்கிட்ட சொன்னேன்... நீ தலையாட்டலை. கோபம்னு நினைச்சேன்... போன படத்துல சொன்னேன், அதுக்கு முந்தின படத்துலயும் சொன்னேன். நீ வரலை போல. இதுக்கப்புறம் பேசற படமாம். என் வாய் எனக்கு இருக்குமோ என்னவோ. அதனால இதுல இன்னொரு தடவை சொல்றேன், பாத்துக்கோ. அன்னைக்கு நான் சொன்னது என்னன்னா..."

திரையில் அவருடைய உதட்டுக்கு நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றியது. பொட்டு கொப்பளித்தது. வாயிலிருந்து ஆரம்பித்து முகம் முழுவதும் சுருங்கிக் கருகி ஓட்டையாகி, வெறும் வெள்ளை வெளிச்சம் வந்து விழுந்தது. மேலே ஆபரேட்டர் "ஐயோ" என்று கத்தியதும், எதையோ பிடுங்கி மிதிக்கிற சத்தமும் கேட்டது.

போச்சு. ஒரு வார்த்தைக்காக ஒரு ஆயுசு போய், அந்த வார்த்தை வாசல் வரைக்கும் வந்து, வாசலிலேயே எரிந்து போச்சு. சொல்லாமல் போனவர் இல்லை என்பது கிடைத்துவிட்டது. என்ன சொன்னார் என்பது இனி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. பெரியம்மாவிடம் இதை யார் சொல்வது?

குண்டூசி அவர்கள் பக்கம் பார்த்தான்.

மகளின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

திரையில் ஒன்றும் இல்லை. கண்ணைப் பறிக்கிற வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தபடி, கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருக்க, அவள் நிறுத்தாமல் பேசினாள். சத்தம் இல்லாமல் பேசினாள். அம்மாவின் விரல்கள் அந்த உதடுகளின் மேல், ஒரு வார்த்தையையும் சிந்திவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. என்ன சொல்கிறாள் என்று குண்டூசிக்குத் தெரியவில்லை. லைன் அறுந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

அவன் சந்தேகத்தைப் பார்த்தான். திரை வெள்ளையாக இருப்பதை அவரும் பார்த்தார். மகளின் உதடு அசைவதையும் பார்த்தார். ஜென்மத்தில் எதையும் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மகள் பேசி முடித்தாள்.

கிழவி கையை எடுத்தாள். அந்தக் கையைத் தன் மோவாயில் வைத்து, இல்லாத ஒரு தாடியை நெஞ்சு வரைக்கும் நீவிவிட்டாள். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டுக்கும் அவளிடம் சத்தம் இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். முன்நெற்றி முடியைக் கையால் ஒதுக்கினாள். வெளிச்சத்தின் சூடு வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, திரையைப் பார்த்து உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையும் எதிரில் இருக்கிறவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி.

"என்ன சொல்றாங்க அக்கா?" என்று குண்டூசி மெல்லக் கேட்டான்.

மகள் அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, தனக்கு இல்லாத பேச்சைத் தான் கேட்கக் கூடாது என்று, கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

குண்டூசிக்கு உதட்டைப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. இருந்தாலும் அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.